இருபத்தாறு பரிமாணமும் ஒரு நிரந்தர வேலையும்

நியூ ஜெர்ஸியில் ஹாலோவெல் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில், நிரந்தரப் பதவி ஆய்வுக் குழுவானது 2005 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு, பிஸ்கட் தட்டு வந்து சேர்ந்ததும், முறைப்படி கூடியது. பரிசீலனைக்குரிய பொருள்: உதவிப் பேராசிரியர் ரோவினா பக்லியை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா. குறிப்பெடுத்தவள் மேவிஸ் டன்லப், துறையின் அலுவலக மேலாளர். அதாவது நான்.

எங்கள் ஊர் வழக்கம் இதுதான். ஆறு வருஷம் உயிரைக் கொடுத்து வேலை பார்க்க வேண்டும். பிறகு குழு கூடும். 'இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த ஆளை யாராலும் அசைக்க முடியாது. 'வேண்டாம்' என்றால் ஜூன் மாதம் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்ட வேண்டியதுதான். ரோவினாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் உள்ளூர்ப் பள்ளியில் பேண்டு வாத்தியம் சொல்லித் தருபவர். இந்த வேலை போனால் குடும்பமே ஊரைக் காலி செய்ய வேண்டும். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும், அதை ஒளிப்பானேன்.

எங்கள் துறை இழைக் கொள்கைக்குப் பேர்போனது. நீங்கள், நான், பிஸ்கட், எல்லாமே கண்ணுக்கெட்டாத சின்னஞ்சிறு இழைகளின் அதிர்வு என்பது கொள்கை. அந்த இழையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நட்சத்திர மண்டலத்தின் அளவுக்கு இயந்திரம் கட்ட வேண்டுமாம். மாநில அரசு அதற்கு இன்னும் நிதி ஒதுக்கவில்லை.

குழுவில் கருத்துப் பன்மை இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கண்டிப்பான உத்தரவு. துறைத் தலைவர் லெஸ்டர் ஹாப்குட் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். ஹாப்குட் பத்துப் பரிமாணங்களில் இழை ஆராய்பவர். வான் டைன் பதினொன்றில். ஸிம்மர் இருபத்தாறில். இதற்கு மேல் என்ன பன்மை வேண்டும், சொல்லுங்கள்! ஸிம்மருக்கு நம்முடைய சாதாரண மூன்று பரிமாணங்களில் கார் நிறுத்தத் தெரியாது. என் வண்டியை இரண்டு தடவை இடித்திருக்கிறார்.

"ரோவினா, உங்க கணக்கு என்ன சொல்லுது? சுருக்கமா சொல்லுங்க," என்றார் ஹாப்குட்.

"ரொம்ப தூரத்துல ஒரு நட்சத்திரம் வெடிச்சா, நீல வெளிச்சமும் சிவப்பு வெளிச்சமும் ஒரே நேரத்துல இங்க வந்து சேராது. ஒண்ணு கொஞ்சூண்டு பிந்தும். விண்வெளிக்குப் போயிருக்கிற புதுக் கருவி வர்ற ஏப்ரலுக்குள்ள அதை அளந்துடும்."

வான் டைன் கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அளந்துடுமா? நிஜமாவே?"

"நிஜமாவே."

"பிந்தலேன்னா?"

"அப்ப நான் சொன்னது தப்பு. விட்டுட்டு வேற யோசிப்பேன்."

இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் குறிப்பெடுக்கிறேன், 'நான் சொன்னது தப்பு' என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. இதை எழுதலாமா என்று ஹாப்குட்டைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

"பாரும்மா," என்றார் ஸிம்மர், நல்ல மனசோடுதான். "இந்தத் துறைல முப்பது வருஷமா ஒருத்தர் சொன்னதுகூடத் தப்புன்னு நிரூபணம் ஆனதில்ல. அந்தப் பேரைக் கெடுத்துடாத."

"சரின்னு நிரூபணம் ஆயிருக்கா?"

"அதுவும் இல்ல. ரெண்டு பக்கமும் சேதாரம் இல்லாம காப்பாத்திட்டு வர்றோம்."

அடுத்த கட்டம், வெளி நிபுணர்களின் கருத்தறிதல். பாரபட்சமற்ற பன்னிரண்டு பேருக்குக் கடிதம் போட்டேன். நாலு பேர் ஹாப்குட்டின் பழைய மாணவர்கள். நாலு பேர் ஹாப்குட்டின் வாத்தியாருக்கு மாணவர்கள். மீதி நாலு பேர் இவர்களோடு கோடைக்குக் கோடை கொலராடோவில் மலையேறுகிறவர்கள். பதில்கள் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. 'பக்லியின் கட்டுரைகளை நான் படித்ததில்லை. முக்கியமானவையாக இருந்திருந்தால் படித்திருப்பேன்' என்றது ஒன்று. இன்னொன்று, வழக்கப்படி அவரை ஒத்த வயதுக்காரர்களோடு ஒப்பிட்டு, 'இழைக் கொள்கைக்கு அவர் ஆற்றிய பங்கு மிகச் சொற்பம்' என்று வருந்தியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ இழை வேலையே பாக்கலையே, லெஸ்டர்! மீன் விக்கிறவகிட்ட போயி, உன் ரொட்டி சரியில்லன்னு சொன்ன மாதிரி இருக்கு."

"அதைத்தான் அவங்களும் சொல்றாங்க, மேவிஸ். ரொட்டி இல்லையே!"

கோப்பு டீனுக்குப் போனது. டீன் பெம்பர்டன் அம்மாள் பௌதிகம் படித்தவர் அல்ல. இடைக்கால மடாலயங்களின் சரித்திரத்தில் மேதை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஹாப்குட்டைக் கேட்டார்.

"இழையைத் தவிர வேற கொள்கையே கிடையாதா?"

"இருக்கு மேடம். வளரல."

"ஏன் வளரல?"

"அதுல வேலை செய்ய ஆள் இல்ல."

"ஏன் ஆள் இல்ல?"

"அதுல இருக்கிறவங்களுக்கு யாரும் வேலை கொடுக்கிறதில்லையே."

"ஏன் கொடுக்கிறதில்ல?"

"வளராத கொள்கைக்கு எப்படி மேடம் கொடுக்கறது?"

டீன் அம்மாள் பெருமூச்சு விட்டார். "எனக்கு ரொம்பப் பழக்கப்பட்ட நிர்வாகமாத் தெரியுது. என் ஆராய்ச்சியில இதே பதிலை லத்தீன்ல படிச்சிருக்கேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். 'துறையின் தீர்மானத்தில் தலையிடுவதற்கில்லை.' ரோவினாவை வீட்டுக்கு அனுப்பும் தீர்மானம் மூன்றுக்குப் பூஜ்யம், ஏகமனதாக.

ஏப்ரல் வந்தது, விண்வெளிக் கருவியும் அளந்து முடித்தது. நீலமும் சிவப்பும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. எதுவும் பிந்தவில்லை. ரோவினா என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு சிரிக்கவும் செய்தாள்.

"தப்பு, மேவிஸ். சுத்தமாத் தப்பு. ஆனா பாருங்க, நேத்து வரைக்கும் உலகத்துல யாருக்கும் இது தெரியாது. இன்னிக்குத் தெரியும்."

எழுந்து போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அந்த வாரம்தான் மாநிலக் கல்வித் துறையிலிருந்து வருடாந்திரப் படிவம் வந்தது. 'இவ்வாண்டு தங்கள் துறை கண்டறிந்த உண்மை என்ன?' என்று ஒரு கட்டம் அதில் உண்டு. முப்பது வருஷமாக அந்தக் கட்டத்தில் 'முன்னேற்றம் ஊக்கமளிப்பதாக உள்ளது' என்றே எழுதி வந்தோம். இந்த வருஷம் ஹாப்குட் பேனாவைத் திறந்து, 'வெளிச்சத்தின் நிறங்கள் பிந்துவதில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"இது ரோவினா கண்டுபிடிச்சதாச்சே?" என்றேன்.

"துறைதானே மேவிஸ் கண்டுபிடிச்சது? ஜூன் வரைக்கும் அவங்க துறையிலதானே இருக்காங்க?"

"பிந்தியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"பிந்துதுன்னு. எங்க கொள்கைல ரெண்டுக்கும் இடம் இருக்கு."

மாநிலத்தின் சிறந்த பௌதிகத் துறை என்ற பலகை எங்கள் வாசலுக்கு வந்தது. திறப்பு விழாவில் கேக் வெட்டினோம். ரோவினா வரவில்லை, அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பௌதிகத்தில் வேலை கிடைக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் நேரே ரயிலேறி நியூயார்க் வங்கிகளுக்குத்தான் போவார்கள். அங்கே கணக்குப் போடுகிறவர்களுக்கு அப்படி ஒரு கிராக்கி. ரோவினாவும் போனாள். ஊர் ஊராக வீட்டுக் கடன்களை வாங்கி, ஒன்றாகக் கட்டி, பத்திரமாக விற்கும் தொழில். அந்தப் பத்திரம் எவ்வளவு பத்திரமானது என்று கணக்குப் போடுவது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள்.

"கணக்குக் கீழ ஒரு வரி எழுதினேன், மேவிஸ். நாடு முழுக்க வீட்டு விலை ஒரே சமயத்துல இறங்கினா இதெல்லாம் குப்பைன்னு. மேலாளர் கூப்பிட்டு, அந்த வரியை எடுங்கன்னாரு."

"நீ என்னம்மா பண்ணின?"

"எடுத்துட்டேன். ஆறு வருஷம் தப்பாகக்கூடிய கணக்கைச் சொல்லிப் பார்த்தாச்சு. எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு."

அந்தக் கணக்கு பெரிய வெற்றி. எங்கள் பல்கலைக்கழகத்தின் ஓய்வூதிய நிதிக்குழுவும் அதைப் பார்த்து அசந்துபோய், நிதியில் முக்கால்வாசியை அந்தப் பத்திரங்களில் போட்டது. அதற்கு ஆலோசகராக இருந்து சிபாரிசு செய்தவர் ஹாப்குட். கணக்கு மிக அழகாக இருக்கிறது என்று அவர் எழுதிய குறிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன்.

இதற்கிடையில் டீன் அம்மாள் ஒரு நல்ல காரியம் செய்தார். ஹாப்குட், வான் டைன், ஸிம்மர் மூவரும் 2009 ஜூனில் ஓய்வு பெறுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலியாகும் மூன்று இடங்களும் இழைக்கு அப்பாற்பட்டவர்களுக்கே என்று எழுத்தில் உத்தரவு போட்டுவிட்டார். மகராசி! ரோவினாவிடம் ரகசியமாகச் சொன்னேன். "முதல் விண்ணப்பம் என்னோடது," என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கேட்டேன்.

2008 செப்டம்பரில் நாடு முழுக்க வீட்டு விலை விழுந்து, அந்தப் பத்திரங்கள் குப்பையானது உங்களுக்குத் தெரியும். அவள் வங்கி ஒரு திங்கட்கிழமை மூடியது. எங்கள் ஓய்வூதிய நிதி அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே காலி. நானும் அடுத்த வருஷம் ஓய்வு பெற்று ஃப்ளோரிடா போகிறதாக இருந்தேன்.

புதன்கிழமை காலை ரோவினா கூப்பிட்டாள்.

"அந்த மூணு இடத்துக்கு விளம்பரம் எப்ப வரும், மேவிஸ்?"

என் மேஜைமேல் மூன்று கடிதங்கள் கிடந்தன. ஹாப்குட்டினுடையது, வான் டைனினுடையது, ஸிம்மருடையது. ஓய்வு முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், பென்ஷன் இல்லாத காரணத்தால் சாகும்வரை பணியில் தொடர உத்தேசித்திருப்பதாகவும் மூவரும் பணிவுடன் தெரிவித்திருந்தார்கள். அடியில் நாலாவதாக ஒரு கடிதமும் இருந்தது. அது நான் எழுதியது.

"இங்கேருந்து யாரும் போகப்போறதில்ல, கண்ணு," என்றேன்.