காட்சிப்பொருளுக்குத் தண்ணி பிடிக்க அனுமதி இல்லை

எங்க பொன்செல்வி சித்தி தோள்ல 'காட்சிப்பொருள், தொடாதீர்'னு ஆபீசரு ஸ்டிக்கர ஒட்டுனாரு பாருங்க, அந்த நிமிஷத்துலதான் எல்லாம் கெட்டுப்போச்சு. சித்தி கண்காட்சி பாக்க வரவே இல்ல. தெருக்குழாய்ல தண்ணி வந்துட்டு, குடம் தூக்க ஆள் வேணும்னு என்னையக் கூப்பிட வந்தா. எங்க தெருவுக்கு வாரத்துக்கு ஒருக்காதான் தண்ணி, அதுவும் ஒரு மணி நேரந்தான். விட்டா அடுத்த வாரந்தான்.

(அப்பா கடையில பில் போட்டுக்கிட்டே டைப் பண்ணுதேன். நடுநடுவுல நின்னு நின்னுதான் வரும், கோவிச்சுக்கிடாதீய.)

'சமகாலக் கலை மற்றும் ஆடை நவீனமயமாக்கல் ஊக்குவிப்பு வாரியம்'னு ஒண்ணு இருக்கு. இருக்குன்னே எங்களுக்குப் போன மாசந்தான் தெரியும். கலையும் ஃபேஷனும் எந்த இடத்துல சந்திக்குதுன்னு அந்த வாரியம் தீவிரமா ஆராய்ஞ்சு, சங்கரன்கோவில் ஸ்டேஷன் ரோட்டுல உள்ள ஒரு கல்யாண மண்டபத்துலதான் சந்திக்குதுன்னு ஏகமனதா முடிவு பண்ணிட்டு. அன்னைக்கு முகூர்த்தம் இல்ல.

நான் வாலண்டியர்! நம்ம ஊருக்கு ஆர்ட் கேலரி வருதுன்னா சும்மாவா? கழுத்துல அடையாள அட்டையெல்லாம் மாட்டியிருந்தேன்.

கண்காட்சித் தலைப்பு, 'நைட்டியும் துண்டும்: உடல், வெளி, எதிர்ப்பு'. துணிக்கடையில இரவல் வாங்கின பொம்மைகளுக்கு நைட்டி மாட்டி, தோள்ல துண்டு போட்டு, மேல லைட்டு அடிச்சு, கீழ ஒரு அட்டை. "தோளில் கிடக்கும் இத்துண்டு, வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே பெண் எழுப்பும் ஒரு கேள்வி." எழுதினது, கண்காட்சிய அமைச்ச க்யூரேட்டர் தர்ஷ் அக்கா. நம்ம பக்கத்து ஊரு பனவடலிசத்திரத்துப் ப்ரியதர்ஷினிதான். சென்னைக்குப் போய்ப் படிச்சதுல பேரு தர்ஷ்னு சுருங்கிட்டு. அன்னைக்கு அக்கா போட்டிருந்தது சாக்குத்துணியில கவுனு, அதுலயும் ஒரு பக்கம் மட்டும் கை.

சித்தி வந்த அவசரத்துல வீட்டுல கெடந்தபடியே வந்துட்டா. நைட்டி, தோள்ல துண்டு. பொம்மைகளுக்கு நடுவுல அசையாம நின்னு, கண்ணால மட்டும் என்னையத் தேடுதா. திறப்பு விழாவுக்கு முன்னால எல்லாத்தையும் சரிபாத்துக்கிட்டு வந்த ஆபீசர் மகாராஜன் ஸார், சித்தி முன்னால வந்ததும் நின்னுட்டாரு.

"அற்புதம். இதுலதான் உயிர் இருக்கு"ன்னு சொல்லி ஸ்டிக்கர ஒட்டிட்டாரு.

"அண்ணாச்சி, என்ன செய்தீய?"ன்னு காட்சிப்பொருள் கேட்டுச்சு.

ஸார் பின்னால ஒரு துள்ளு துள்ளுனாரு. ஆனா அதிகாரி அதிகாரிதான. உடனே சட்டையச் சரி பண்ணிக்கிட்டாரு.

"நான் மனுஷி அண்ணாச்சி. இத எடுங்க. தண்ணி நின்னுரும்."

"அம்மா, ஒட்டுற அதிகாரந்தான் எனக்கு. எடுக்கிற அதிகாரம் சென்னையில."

"சென்னையில யாருகிட்ட?"

"அந்தப் பணியிடம் இன்னும் நிரப்பப்படல."

சித்தி துண்ட எடுத்து மூஞ்சியத் துடைச்சா. "துண்டு படைப்போட ஒரு பகுதி. தயவுசெய்து கசக்காதீங்க"ன்னாரு ஸாரு.

நான் தர்ஷ் அக்காகிட்ட ஓடினேன். "அக்கா, அது எங்க சித்தி!"

அக்கா நெஞ்சுல கைய வச்சாக. "அதேதான் நானும் சொல்லுதேன். அது எல்லாரோட சித்தியும்தான்."

"ஏட்டி, இந்தப் பிள்ளைக்கு ஒரு கையத் தைக்க டெய்லர் மறந்துட்டானா?"ன்னு சித்தி அங்கன இருந்து கேட்டா.

"எவ்வளவு ஆத்தெண்டிக்!"ன்னாக அக்கா.

அதுக்குள்ள ரிப்பன வெட்டிட்டாங்க. கூட்டம் உள்ள வந்துட்டு. சித்தி தொண்ட கிழியக் கத்துதா. "எய்யா, தண்ணி போகுதுய்யா! பிள்ளைகளுக்குக் குடிக்கக்கூட இல்ல, என்னைய விடுங்கய்யா!" கூட்டம் கைதட்டுச்சு. ஒருத்தரு பக்கத்துல நின்னவருகிட்ட, "தண்ணீர் அரசியல்"னு மெதுவாச் சொன்னாரு. அவரும் கண்ண மூடித் தலையாட்டுனாரு. சித்தி அழுதுட்டா. கைதட்டு இன்னும் பலமாயிட்டு.

நான் ஆபீசர் ஸார் கையப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். அவருக்கே கொஞ்சம் வருத்தமாப் போச்சு.

"யாரு பாப்பா இவங்களப் பிடிச்சு வச்சா? இது ஜனநாயக நாடு. இவங்க தாராளமா வெளிய போகலாம். நைட்டிதான் போகக்கூடாது."

சித்தி இடுப்புல கைய வச்சா. "உங்க வீட்டுல பொம்பளையாளுக உண்டுமா அண்ணாச்சி?"

"உண்டு. ஆனா அவங்க வாரியத்தோட வரம்புக்குள்ள வரமாட்டாங்க."

சரின்னு சேல எடுக்க வீட்டுக்கு ஓடினேன். வாரம் பூரா தண்ணி இல்லாததுனால கட்டுற சேலையெல்லாம் துவைக்காம மூட்டையாக் கெடக்கு. பீரோவுல மிச்சம் இருந்தது ஒரே ஒரு அரக்குக் கலர் பட்டு. அத எடுத்துட்டு வந்து, மண்டபத்து மணமகள் அறையில வச்சுக் கட்டிவிட்டேன். பொம்மைக்கு அந்த நைட்டிய மாட்டுனதும் ஸார் முகத்துல ஒரு நிம்மதி. "காட்சிப்பொருள் பத்திரம்."

ரெண்டு பேரும் ஓடுதோம். குழாய்ல நூல் மாதிரி வருது. பட்டுச்சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுச் சித்தி பிடிச்சா, பிடிச்சா, மூணாவது குடம் பாதியில நின்னுட்டு.

எதிர்வீட்டுச் சுமதி அக்கா நைட்டியில நின்னு வாயப் பொளந்தா. "என்ன சித்தி, தண்ணிக்கிப் பட்டா?"

நடந்ததச் சொன்னா கேவலம்லா. சித்தி நிமிர்ந்து நின்னு, "உனக்குத் தெரியாதா? நைட்டி இனிமே விசேஷத்துக்கு மட்டுந்தான். கவர்மெண்டே கண்காட்சி வச்சு சொல்லிட்டு"ன்னா.

பின்னாலயே ஓடி வந்த தர்ஷ் அக்கா அத போட்டோ எடுத்து, 'பட்டும் குழாயும்'னு இன்ஸ்டாவுல போட்டுட்டாக. அவ்வளவுதான்! ராத்திரிக்குள்ள ஊரு பூரா சித்தி படம். இருங்க, ஒரு கஸ்டமர்.

ம், வந்துட்டேன். பெறகு என்ன, சுமதி அக்கா கடையநல்லூர்ல ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நைட்டிய அயர்ன் பண்ணிப் போட்டு, துண்டுக்குப் பின்னு குத்திட்டுப் போனா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, "பொண்ணு ஏன் பழைய மாடல்ல பட்டு கட்டியிருக்கு?"ன்னு கேட்டாகளாம்.

அடுத்த வாரம் தண்ணி வார நாளு. நம்ப மாட்டீய, குழாயடியில முழுக்கப் பட்டு. தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, இடுப்புல காலிக் குடம். சித்திதான் முதல் வரிசை. எதுக்க தர்ஷ் அக்கா கேமராவோட. பக்கத்துல மகாராஜன் ஸார், புதுசா அச்சடிச்ச ஸ்டிக்கர் கட்டோட.

தண்ணி வந்துட்டு! அதுவும் சும்மா இல்ல, குடத்தத் தள்ளிவிடுத வேகத்துல.

"சித்தி, குடத்த வையி!"ன்னு கத்துனேன்.

"சும்மா கெடட்டி. படத்துல உன் தலை விழுது, அங்கிட்டுத் தள்ளு."

"தண்ணி ஓடைக்குப் போகுது சித்தி!"

"யாரும் அசையாதீங்க, வெளிச்சம் நல்லா இருக்கு"ன்னாக தர்ஷ் அக்கா. தெருவே மூச்சப் பிடிச்சு நின்னுச்சு. ஸார் ஒவ்வொரு தோளா ஒட்டிக்கிட்டே வாராரு. எனக்கு ஒட்டாம போயிருவாரோன்னு நானும் முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு கடைசியில போய் நின்னேன்.

கடைசி ஸ்டிக்கர் ஒட்டி முடிக்கவும் குழாய் ரெண்டு தடவ இருமிச்சு. நின்னுட்டு. ஒரு குடத்துலயும் ஒரு சொட்டு இல்ல. ஸார் கைதட்டுனாரு. நாங்களும் தட்டுனோம்.

எங்க தெரு கதை இது. உங்க தெருவுல எப்படி? தண்ணி வந்தப்ப குடத்த வச்சீயளா, இல்ல நீங்களும் படத்துக்குத்தான் நின்னீயளா?