குளியல் தொட்டியில் மூன்று ஆந்தை

பிர்னோ, மார்ச் 9

மூன்று ஆந்தை பீர் காய்ச்சும் கமில் ஹ்ருஷ்கா ஐயா அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர் ஓல்ட்ரிஹ் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் கொப்பரைகளும் நலமா? இங்கே நானும் என் மனைவி விளாஸ்தாவும் நலம். அவள் மட்டும் ஆறு வாரமாகத் தங்கை வீட்டில் போய்க் குளித்துவிட்டு வருகிறாள்.

காரணம் தங்கள் கறுப்பு பீர்தான். அதை அப்படியே வீட்டில் காய்ச்சிக் காட்டுகிறேன் என்று என் அண்ணன் ரொஸ்திஸ்லாவிடம் வாயை விட்டுவிட்டேன். "டேய், ட்ராம் ஓட்டினவன் ட்ராமோட நிறுத்திக்கணும்டா" என்றான். அறுபத்தேழு வருஷமாக இப்படித்தான், என்னை மட்டம் தட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு, எனக்கு வயிற்றெரிச்சல். சரி, பார்த்துவிடலாம் என்று தங்கள் பாட்டில்களின் அடியில் தங்கும் ஈஸ்டைச் சேகரித்தேன், அதற்குப் பதினான்கு பாட்டில் தேவைப்பட்டது, மேலே இருந்ததைக் கொட்ட மனசு வரவில்லை, அதனால் மறுநாள் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, காய்ச்சும்போது தலை நேராக நிற்கவில்லை, அது பொங்கி வழிந்து விளாஸ்தாவின் புதுச் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது, மிச்சத்தைப் பீப்பாயில் ஊற்றி, சூடேறாமலிருக்கக் குளியல் தொட்டித் தண்ணீரில் உட்கார வைத்தேன், பிறகு புளித்ததைப் பாட்டில்களில் அடைத்து அங்கேயே அடுக்கி, அண்ணன் ருசி பார்க்கும் பரீட்சை நாள்வரை ஒன்றையும் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். "ஏங்க, தொட்டியில இதெல்லாம் உக்காந்துட்டா நான் எங்கங்க உக்கார்றது?" என்று கேட்டாள். அறிவியல் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றேன்.

போன சனிக்கிழமை பரீட்சை. முறைப்படி மூன்று கிளாஸ்: இரண்டில் ஒரு பீர், ஒன்றில் மற்றது, வேறாக இருப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊற்றுவது விளாஸ்தா, நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே. அண்ணன் மூன்றையும் மாற்றி மாற்றிக் குடிச்சான், முழிச்சான், "எல்லாம் ஒண்ணுபோலத்தான்டா இருக்கு. கெட்டிக்காரன்டா நீ"ன்னு தோளைத் தட்டினான். எனக்குக் கண் கலங்கிடுச்சு ஐயா. ஆனா என் நாக்கு ஏமாறலை. நடு கிளாஸ்தான் உங்களுது: கசப்பு பத்தலை, நுரை நிக்கலை, கடைசியில லேசா ஈரத்துணி வாசனை. வயசுல பெரியவன்ங்கிற உரிமையில சொல்றேன், கொப்பரையைக் கொஞ்சம் நல்லாக் கழுவுங்க. வேணும்னா நானே வந்து சொல்லித் தர்றேன்.

தங்கள் தொழிலும் குடும்பமும் மேன்மேலும் பொங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னேற்றத்தில் அக்கறையுள்ள
ஓல்ட்ரிஹ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் விளாஸ்தா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். வெள்ளிக்கிழமையே அவள் ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்தாளாம், என் பீர் சுத்தமாகக் காடியாகியிருந்ததாம். "உங்க அண்ணன் முன்னாடி நீங்க தலை குனிஞ்சு நிக்கிறதப் பாக்க எனக்கு மனசில்லைங்க" என்கிறாள். மூன்று கிளாஸிலும் ஊற்றியது தங்கள் பீர். ஆகவே மேலே சொன்ன குறைகளைத் தயவுசெய்து அடித்துவிடவும். ஈஸ்டருக்கு அண்ணன் எட்டு நண்பர்களோடு என் பீரைக் குடிக்க வருகிறான். மூன்று பெட்டி அனுப்பி வைக்கவும், லேபிள் ஒட்டாமல்.