ஏழு வடையும் வெம்பிளி சிவபாதமும்

நான் நடித்த காட்சிகளிலேயே மிகச் சிறந்த காட்சியில் நான் நடிக்கவே இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். யாராவது கேட்டால் மூச்சுப் பயிற்சி, உள்ளுணர்வு என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் அந்தக் காட்சிக்குக் காரணம் அம்மா சுட்ட உழுந்து வடை.

நான் ஒரு ஆங்கில நடிகன். ஆங்கிலேய நடிகன் அல்ல. அந்த எழுத்து வித்தியாசத்தில்தான் என் ஆரம்ப காலம் முழுவதும் கழிந்தது. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனில் மோர்டனுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருஷமே பள்ளிக்கூடத்துக் கிறிஸ்மஸ் நாடகத்தில் என்னை மூன்று ஞானிகளில் ஒருவனாக நிறுத்தினார்கள். ஞானிகள் கீழ்த்திசையிலிருந்து வந்தவர்கள், நானும் அங்கிருந்துதான் வந்தேன், தேர்வு அத்துடன் முடிந்தது. (அடுத்த நாலு வருஷமும் அதே ஞானிதான். ஒட்டகம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.) கைதட்டல் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு கணக்குப் பாடம் மண்டையில் ஏறாது. எனக்கும் ஏறவில்லை.

எண்பதுகளின் நடுவில், அப்பா கனவு கண்ட பொறியியலைக் கைவிட்டு ஒரு நாடகப் பள்ளியில் சேர்ந்தேன். மூன்று வருஷம் அங்கே மரமாக நின்றேன், காற்றாக ஓடினேன், ஒரு பள்ளித் தவணை முழுக்கத் துயரமாகப் படுத்துக் கிடந்தேன். வெளியே வந்ததும் தொலைக்காட்சியில் பிணமாக வேலை கிடைத்தது. அந்த ஒரு வருஷத்தில் மூன்று தரம் செத்தேன். அம்மா ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "செத்தவனுக்கு ஏனடா வயிறு ஏறி இறங்குது?" என்று கேட்பார்.

அப்பாவின் பாடுதான் பெரும்பாடு. "மகன் என்ன செய்யிறார்?" என்று யாராவது கேட்டால், "ரீவியில வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி வருவதற்குள் தேத்தண்ணி கொண்டுவரப் போய்விடுவார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் மோர்டன் சனம் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டது. சில மாதங்களில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று பழுதடைந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்து சேர்ந்துவிட்டன.

இந்த நிலைமையில்தான் மாலினி அக்காவுக்கு வெம்பிளியிலிருந்து சம்பந்தம் வந்தது. அதற்கு முன் நாலு மாப்பிள்ளைகளை அக்கா தட்டிக்கழித்திருந்தாள். ஒருவர் சிரிக்கவில்லை என்றாள், ஒருவர் சிரிப்பை நிறுத்தவில்லை என்றாள். ஐந்தாவதாக வந்த குகன் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். தேத்தண்ணி குடித்து முடித்ததும் எழுந்து தன் கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் வைத்தார். எங்கள் இனத்தில் அப்படி ஒரு ஆண்பிள்ளையை அக்கா அதற்கு முன் கண்டதில்லை. அந்த இடத்திலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

குகனுடன் வந்தவர் அவருடைய அப்பா சிவபாதம் மாமா. மாமிக்குக் காய்ச்சல் என்று அவர் மட்டும் வந்திருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய ஓவர்கோட். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தம்பி என்ன செய்யிறார்?"

"ரீவியில வேலை" என்றார் அப்பா, எழும்பத் தயாராகிக்கொண்டே.

"அட, நல்லதாப் போச்சு! எங்கட ரீவியில படம் நிக்காமல் கீழ கீழ ஓடுது. செய்தி வாசிக்கிறவன்ர தலை கீழயும் கழுத்து மேலயும் நிக்குது. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?"

"நான் ரீவி திருத்திறேல்லை மாமா. நான் நடிகன்."

மாமா வடையை மென்றபடி என்னை அன்போடு பார்த்தார்.

"ஓம் ஓம். அது சரி தம்பி, வேலை என்ன?"

அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவமானப்பட்டவனுக்கு வேறு வேலை இல்லாததால் நான் வடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாமா ஏழு வடை சாப்பிட்டார். புறப்படும்போது இன்னும் இரண்டை ஒரு காகிதத் துவாயில் சுற்றி ஓவர்கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளையின்ர தகப்பன், பாவம், பசி போல" என்றார் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது.

நாலு நாள் கழித்து ஒரு பொலிஸ் தொடரில் எனக்குப் படப்பிடிப்பு. முதன்முதலாக உயிருள்ள பாத்திரம், அதுவும் வாய் திறந்து பேசுகிற பாத்திரம்! தம்பியைக் காணவில்லை என்று பொலிஸ் நிலையத்துக்கு ஓடிவரும் ஒரு இலங்கைத் தமிழன். அவன் பேசுவதை ஒரு மொழிபெயர்ப்பாளர் இன்ஸ்பெக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். என் வசனம் இருக்கவேண்டிய இடத்தில், 'தன் மொழியில் பதற்றத்துடன் பேசுகிறான்' என்று மட்டும் எழுதியிருந்தது. நான் இரண்டு நாள் மினக்கெட்டு நல்ல தமிழில் நாலு வரி எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

"ஐயா, என்ர தம்பியை மூண்டு நாளாக் காணேல்லை" என்று தொடங்கினேன். ஐந்து தரம் எடுத்தார்கள். இயக்குநர் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. கம்பளிச் சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டு வந்து, "நன்றாகத்தான் செய்கிறாய், ஆனால் பஸ் எப்போது வரும் என்று விசாரிக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். பிறகு, "கடைசியாக உனக்கு எப்போது உண்மையாகவே கோபம் வந்தது?" என்று கேட்டார்.

யோசிக்கவேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

"அதை நினைத்துக்கொள். வாயில் வருவதைச் சொல். ஒருவருக்கும் விளங்கப்போவதில்லை."

கமெரா ஓடத் தொடங்கியது. நான் இன்ஸ்பெக்டரின் மேசையில் ஓங்கி அடித்தேன்.

"ஏழு வடை திண்டனீ! ஏழு! போதாதெண்டு ரெண்டைச் சுத்திப் பொக்கற்றுக்குள்ள வேற வச்சனீ! எல்லாத்தையும் திண்டுபோட்டு என்னைப் பாத்து வேலை என்ன எண்டு கேக்கிறியோ சிவபாதம்! உன்ர ரீவி இந்தச் சென்மத்தில திருந்தாது!"

ஏழு என்றபோது ஏழு விரல் காட்டினேன். இரண்டு என்றபோது இரண்டு விரல். பொக்கற்றைப் பட்பட்டென்று அடித்தேன். கடைசியில் கதிரையில் விழுந்து அழுதேவிட்டேன். மூன்று பிணம், மூன்று பழைய பெட்டி, அப்பாவின் ஓட்டம் எல்லாம் சேர்ந்து வந்த அழுகை அது. ஒப்பனைக்காரி கண்ணைத் துடைத்தாள். இயக்குநருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் நான் காட்டிய விரல்களுக்கும் எழுதியிருந்த மொழிபெயர்ப்பு வசனத்துக்கும் பொருந்தவில்லையே! உடனே வசனத்தை மாற்றினார்கள். மொழிபெயர்ப்பாளராக நடித்தவர் சவுத்ஹோலைச் சேர்ந்த ஒரு பஞ்சாபிக்காரர். அவர் கனத்த குரலில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "இவர் தம்பியை ஏழு நாளாகக் காணவில்லையாம், சேர். இரண்டு பேர் கூட்டிக்கொண்டு போனார்களாம். சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டார்களாம்."

ஒருவருக்கும் விளங்கப்போவதில்லை என்று இயக்குநர் சொன்னதை நானும் நம்பினேன். அவருக்குத்தான் தெரியாது, எனக்குத் தெரியாதா? தொலைக்காட்சியில் ஒரு தமிழ்ச் சொல் கேட்டால் லண்டன் தமிழ்ச் சனம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்த காலம் அது. ஆனால் பாராட்டு தலைக்கேறியவனுக்கு மூளை வேலை செய்யாது.

அது ஒளிபரப்பாகச் சில மாதங்கள் பிடித்தன. அதற்குள் அக்காவுக்கு நாள் வைத்தாகிவிட்டது, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. அக்காவும் குகனும் ஒவ்வொரு பின்னேரமும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் முதன்முதலாக உயிரோடு வருகிறான் என்ற பெருமையில் அம்மா வெம்பிளிக்கும் அழைப்பு விடுத்தார். "கட்டாயம் வாறம்" என்றாராம் சிவபாதம் மாமா. "எங்கட ரீவியில பாத்தால் தம்பியின்ர தலை கீழயல்லோ நிக்கும்."

வியாழக்கிழமை பின்னேரம் மாமா, மாமி, குகன் மூவரும் வந்தார்கள். அம்மா வடை சுட்டிருந்தார். மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அந்தக் கணத்தில்தான், அந்தத் தட்டைக் கண்ட பிறகுதான், நான் கமெராவுக்கு முன்னால் என்ன சொன்னேன் என்பது எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது.

"பூங்காவில ஒரு நடை போட்டிட்டு வருவமோ மாமா?"

"மழையல்லோ பெய்யுது தம்பி."

ஏரியல் வயரை இழுக்கப் போனேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று இருமினேன். "விலகடா, உன்னைப் பாக்கவெல்லோ இருக்கிறம், நீயே மறைச்சுக்கொண்டு நிக்கிறாய்!" என்றார் அம்மா. இருமல் பெரிதானதும் அக்கா தண்ணீர் கொண்டுவந்து தந்து, என்னைப் பிடித்து உட்காரவும் வைத்தாள்.

திரையில் நான் மேசையில் ஓங்கி அடித்தேன்.

ஏழு வடையும், இரண்டு வடையும், பொக்கற்றும், சிவபாதமும் அட்சரம் பிசகாமல் எங்கள் முன்னறையில் ஒலித்தன. பஞ்சாபிக்காரர் பாஸ்போர்ட் கதையைச் சொல்லி முடித்தார். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். மாமா கையிலிருந்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். அது அவருக்கு நாலாவது. மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் இரண்டும் குலுங்கின. வயதுபோன மனுசியை அழவைத்துவிட்டேனே என்று நான் கூசிப்போனேன்.

"சரி, நாங்கள் வெளிக்கிடுவம்" என்றார் மாமா. குகன் வழக்கம்போலத் தன் கோப்பையைக் குசினியில் வைத்துவிட்டு, ஒருவரையும் பாராமல் போனார்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடிப்படியில் உட்கார்ந்து, "எனக்கு இவர் வேணுமடா" என்று மட்டும் சொன்னாள். அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் காலை மோர்டனில் ரயில் ஏறி, இரண்டு தரம் மாறி, வெம்பிளிக்குப் போனேன். நாடகப் பள்ளியில் படித்ததில் உருப்படியாக ஒன்று இருந்தது, காலில் விழுந்து எழும்புவது எப்படி என்பது. வழியெல்லாம் அதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். குகன் கதவைத் திறந்து முன்னறையைக் காட்டினார். மாமா தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருவில் யாரோ பதிவு செய்த வீடியோ கசெட் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் என் தலை கீழேயும் ஏழு விரல்கள் மேலேயுமாக வழிந்துகொண்டிருந்தன.

நான் விழுவதற்குள் மாமா எழும்பிவிட்டார்.

"தம்பி, நீர் எனக்கொரு துரோகம் செய்திட்டீர்."

"மன்னிக்கவேணும் மாமா, அந்த வடை..."

"வடையை விடும்! திண்டதைத்தானே சொன்னனீர். பேருக்குப் பின்னால ஒரு 'மாமா' போட்டிருக்கலாமல்லோ? வெறும் சிவபாதம் எண்டால் எந்தச் சிவபாதம் எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்? அப்டன் பார்க்கில பலசரக்குக் கடை வச்சிருக்கிற சிவபாதம், அது தான்தானாம் எண்டு நேற்றிலிருந்து எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லுறான்! இங்கிலீஸ்காரன்ர ரீவியில தன்ர பேர் வந்ததாம்! அவனுக்கு ஏழு வடை தின்ன ஏலுமோ? அல்சர்க்காரன்!"

மாமா போய் கசெட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"மற்றது, அந்த ரெண்டு வடையும் எனக்கில்லை. காய்ச்சல்காரிக்குக் கொண்டு வந்தனான்" என்றார், குரலைத் தாழ்த்தி.

அதைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. நான் எண்ணிக் குற்றம் சாட்டியது ஒரு மனுசன் வீட்டில் படுத்திருக்கும் மனைவிக்கென்று பொத்திக் கொண்டுபோன வடையை. ஆனால் அதற்குள் குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது.

"எனக்கு வந்து சேந்தது ஒண்டு!"

முந்தின நாள் குலுங்கிய தோள்களின் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. குகன் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். மாமா மீசையைத் தடவியபடி, "ரயில் நீண்ட தூரமல்லோ" என்றார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் நான் மைக்கைப் பிடித்து, அந்த ஏழு வடையையும் சாப்பிட்டவர் வெம்பிளி சிவபாதம் மாமாதான், வேறு எந்தச் சிவபாதமும் அல்ல என்று சபையறியச் சொல்லவேண்டும். சொன்னேன். மண்டபம் எழும்பிக் கைதட்டியது. அப்டன் பார்க் சிவபாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்காக வேலைகள் வந்தன. மேடையிலும் நடித்தேன், சில பெரிய பாத்திரங்களும் கிடைத்தன. என்ன நடித்தாலும் எங்கள் வீட்டில் விமர்சனம் ஒன்றுதான்: "அது சரி தம்பி, வேலை என்ன?" அக்காவின் பிள்ளைகள் ஆங்கிலம் கலந்த தமிழில் அதைச் சொல்லிவிட்டு ஏழு விரல் காட்டுவார்கள்.

சிவபாதம் மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என் ஒவ்வொரு நாடகத்தின் முதல் காட்சிக்கும் அதே ஓவர்கோட்டில் வந்துவிடுவார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் தடியூன்றி வந்து, எல்லாருக்கும் முன்னால் பொக்கற்றிலிருந்து ஒரு காகிதத் துவாய்ப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைப்பார்.

"மாமி உமக்கெண்டு ரெண்டு வடை தந்துவிட்டவ."

ஒவ்வொரு தடவையும் ஆசையோடு பிரித்துப் பார்க்கிறேன். இன்றுவரை அதில் ஒன்றுதான் இருந்திருக்கிறது.