கைதட்டி ஒரு நல்வரவு

“பி... யென்... வெ... னூ...” என்று நாலு தடவை கைதட்டினார் ஸ்டோர் கீப்பர்.

“குழந்தை இப்பதாங்க தூங்குச்சு! கொசு அடிக்கிறதுன்னா ஹால்ல போய் அடிங்க” என்று அதட்டினாள் மனைவி.

கொசு இல்லை, பிரெஞ்சு. ‘நல்வரவு’ என்று அர்த்தம். மறுநாள் அவர் வேலை பார்க்கும் ஹோட்டலில் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வு. தேறினால் குளுகுளு வரவேற்பறையில் கோட்டு போட்டு நிற்கலாம். தவறினால் ஆயுள் முழுக்க வெங்காய மூட்டைதான். பாவம், மனிதர் வெங்காயத்துக்கு ஏற்கெனவே நிறைய அழுதுவிட்டார்.

வார்த்தையை அசை அசையாகப் பிரித்துக் கைதட்ட வேண்டும், கடைசி அசைக்கு உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்ல வேண்டும் என்பது செல்போனில் கேட்ட பாடம். ஹால் ஜன்னலில் நின்று உரக்கச் சொல்லித் தட்டினார், குவித்தார்.

குறுகலான தெரு. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், காதில் செல்போனோடு அவரையே பார்த்தார். பேச்சை நிறுத்தாமல், மறு கையைக் கத்தி மாதிரி வைத்துக் காற்றில் மூன்று முறை வெட்டிக் காட்டினார்.

‘வெட்டிப் போட்டுடுவேங்கறாங்களே!’ ஸ்டோர் கீப்பர் ஓரடி பின்வாங்கினார். தப்பாக நினைக்க வேண்டாம், படிக்கிறேன் என்று புரியவைக்க, நிதானமாக நாலு தட்டு தட்டி உதட்டையும் குவித்தார்.

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு இரண்டு விரலால் தன் உதட்டைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

‘வாயைக் கிழிச்சுடுவாங்களாம்!’ பயத்தில் உதடு இன்னும் குவிய, இரண்டு கையையும் கூப்பினார். அந்த நேரம் பார்த்தா மனைவி வர வேண்டும்?

“இதுதான் பிரெஞ்சா?”

“சத்தியமா இது பாடம்தாம்மா!”

“புஸ்தகத்தைப் பாத்துப் படிக்கிறவங்களைத் தெரியும். எதிர்வீட்டைப் பாத்துப் படிக்கிறவரை இப்பதான் பாக்கறேன்.”

அன்று சாப்பாட்டுத் தட்டு ணங்கென்று மேஜையில் இறங்கியது.

மறுநாள் தேர்வறைக் கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேஜைக்குப் பின்னால் அதே அம்மாள்! புகார் கொடுக்க ஹோட்டல்வரை வந்துவிட்டாரே! கோட்டு போனால் போகட்டும், வெங்காய மூட்டையாவது மிஞ்ச வேண்டும்.

“மேடம், நான் குடும்பஸ்தன். தயவுபண்ணி மேனேஜர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க.”

“சொல்லாம எப்படிங்க? நான்தானே மார்க் அனுப்பணும்?” அந்த அம்மாள் பேனாவைத் திறந்தார். “உதட்டுக்காக பாஸ் போடறேன். ஆனா, மூணு அசைதான்னு நேத்து ஜன்னல்ல அவ்வளவு வெட்டிக் காட்டியும், ஏங்க நாலாத் தட்டினீங்க?”