வெர்லினின் ஊர் சுற்றும் கல்

கீழே வருவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும், வேதாகமத்தின் மேல் வைத்த இந்தக் கை விளங்காமல் போகட்டும்.

வெர்லின் டக்கெட்டைக் கட்டிப் பிடித்திருந்த ஒலேட்டா அம்மாள் கேட்டாள்: "என்ன தம்பி, இடுப்புல கல்லு மாதிரி இடிக்குது?"

இடித்தது ரிவால்வர்.

அமெரிக்காவில், ஓக்லஹோமாவின் அந்தச் சின்னச் சபைக்குள் நுழைய, வாசலில் ஒலேட்டா அம்மாளின் அணைப்பைத் தாண்டியாக வேண்டும். போதகர் ஹாலிஸோ, போன வாரம்தான் வெர்லினைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்: "ஆராதனை நேரத்துல ஒருத்தர் துப்பாக்கியோட காவலுக்கு உட்காரணும் பிரதர். அது நீங்கதான். யார் கண்ணுலயும் படக் கூடாது. பட்டுச்சுன்னா உங்க இடத்துல உங்க மச்சான் டுவெய்னைத்தான் போடணும்."

பிறந்ததிலிருந்து வெர்லினை நம்பி எவரும் ஒரு நாயைக்கூட ஒப்படைத்ததில்லை. இந்தப் பதவி டுவெய்னுக்குப் போவதைவிட உயிர் போகலாம்.

"கல்லேதாம்மா. சிறுநீரகக் கல்லு," என்றான்.

சபையே எழுந்து நின்று அவனுடைய சிறுநீரகத்துக்காக ஜெபித்தது. மாலைக்குள் வீட்டு வாசலில், நோயாளிக்கென்று சபையார் சுட்டு அனுப்பும் கேசரோல் தட்டுகள் குவிந்தன. கோழி, நூடுல்ஸ், மேலே ஒரு விரற்கடை சீஸ். ஜெபித்துக் கொடுத்ததை வீணாக்கலாமா? தின்றான். தொப்பை முன்னேறியது, சட்டை பின்வாங்கியது, ரிவால்வரின் பிடி எட்டிப் பார்த்தது.

துப்பாக்கிக் கடைக்கு ஓடினான்.

"உன் தொப்பைக்கு பிஸ்டல்தான் சரி. தட்டையா ஒட்டிக்கும்," என்றார் கடைக்காரர் ராய்ஸ்.

வெர்லின் விடவில்லை: "ரிவால்வர் பழைய டிராக்டர் மாதிரி, நம்பலாம்னு நீதானே போன தடவை சொன்னே. பிஸ்டல் உன் மருமகன் மாதிரி, ஒல்லியா அழகா இருக்கும், அவசரத்துக்கு மக்கர் பண்ணும்னே."

"மருமகன் இப்ப திருந்திட்டான்."

பிஸ்டலில் குண்டு ஏற வேண்டுமானால் அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வெர்லினின் விரல்களிலோ மூட்டுவாதம். பல்லைக் கடித்து ஓர் இழுப்பு இழுத்தான். பிஸ்டல் நகரவில்லை, தோள்பட்டை நகர்ந்தது.

வலக்கை கழுத்துத் தூளியில் தொங்க, பிஸ்டலை இடது கணுக்காலில் கட்டிக்கொண்டு நொண்டியபடி சபைக்கு வந்தான்.

"கல்லு காலுக்கு இறங்கிடுச்சு போல," என்றாள் ஒலேட்டா அம்மாள், அணைத்தபடியே.

"மச்சான், உன் கல்லு ரொம்பத்தான் ஊர் சுத்துது," என்றான் பின்னால் நின்ற டுவெய்ன்.

இம்முறை சபை முழங்காலில் நின்று ஜெபித்தது. கேசரோல் இரு மடங்கானது.

டுவெய்னுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று வெர்லின் முடிவு செய்தான். அடுத்த ஞாயிறு ரிவால்வர், பிஸ்டல் இரண்டையும் வண்டியிலேயே பூட்டிவிட்டான். ஒரே ஒரு வாரம் ஆண்டவர் தனியாகச் சமாளிக்கட்டும். நிமிர்ந்து நடந்து வந்தான்.

ஒலேட்டா அம்மாள் கட்டிப் பிடித்தாள். கை முதுகில் இறங்கி, இடுப்பைச் சுற்றி, அப்படியே நின்றது.

"கல்லு எங்கே?"

"ஜெபத்துல கரைஞ்சிடுச்சும்மா."

"வண்டியிலதானே இருக்கு? போய் எடுத்துட்டு வா."

வெர்லின் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வாசல்ல நின்னு ஊரையே கட்டிப் பிடிக்கிறேனே, பாசம்னா நினைச்சே? 'காவலுக்கு நீங்கதான்'னு போதகர் எல்லார்கிட்டயும் தனித்தனியாத்தான் சொன்னார்," என்றாள் ஒலேட்டா அம்மாள். "டுவெய்ன்கிட்ட ஒண்ணு, பியானோ வாசிக்கிறவகிட்ட ஒண்ணு, போதகர்கிட்ட ரெண்டு. துப்பாக்கி இல்லாம வந்தவன் நீ ஒருத்தன்தான். அப்படிப்பட்ட ஆளை உள்ளே விட எனக்குப் பயமா இருக்கு தம்பி."