எங்கள் பள்ளியின் திருத்திய அணு

இயற்கை அணுவைச் செய்துவிட்டுப் போய்விட்டது. அதிலிருந்த பிழையைத் திருத்த ஒரு நிர்வாகக் குழு வர வேண்டியிருந்தது. அந்தப் பெருமை எங்கள் பள்ளிக்கே உரியது. வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்த கை துணை முதல்வராகிய என்னுடையது என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

மேலதிகாரிகள் பார்வையிட வருவதையொட்டி, வாசலில் ஆளுயரக் கார்பன் அணு ஒன்றை நிறுத்தத் தாளாளர் ஆணையிட்டார். நடுவில் அணுக்கருவாக ஓர் உருண்டை, சுற்றிலும் இரண்டு இரும்பு வளையங்கள், எலக்ட்ரான்களாக ஆறு நீலப் பந்துகள். வேதியியல் டீச்சர் வரைந்து கொடுத்தபடி, உள் வளையத்தில் இரண்டும் வெளி வளையத்தில் நான்குமாக வெல்டர் பற்றவைத்திருந்தார். தாளாளருக்கு முகம் சுருங்கியது.

"ஏம்மா, உள்ள ரெண்டு, வெளிய நாலா? பார்க்கவே கோணலா இருக்கே! மூணு மூணா வைங்க."

டீச்சரின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கான ஆணை தாளாளரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வீட்டில் அவர் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பெரிந்தது. அப்படிப்பட்டவர் "அருமையான யோசனை சார்" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

"சார், முதல் வட்டத்துல ரெண்டுக்கு மேல இடம் கிடையாது."

"பஸ்லயும்தான் இடம் கிடையாது. நின்னுட்டுப் போகலையா?"

"இது அணு சார்."

"நம்ம அணும்மா! காசு கொடுத்துச் செஞ்சது!"

எங்களுக்கு ஜனநாயகத்தில் அசையாத நம்பிக்கை உண்டு. உடனே கூட்டம் கூடியது. சமமாகப் பிரிப்பதே நியாயம் என்றார் கணக்கு வாத்தியார். விளையாட்டு ஆசிரியர் இரண்டு கைகளையும் தூக்கினார், இரண்டும் எண்ணப்பட்டன. டீச்சரின் கை மட்டும் எழவில்லை. வெல்டர் ஒரு பந்தைப் பெயர்த்து உள்ளே வைத்தார். மேலதிகாரிகள் "கண்கொள்ளாக் காட்சி" என்று புகழ்ந்து, அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

டீச்சரோ வகுப்பில் குரலைத் தாழ்த்தி, "வாசல்ல மூணு மூணுன்னு கும்பிடு போட்டுட்டு வாங்க. பரீட்சையில ரெண்டு, நாலுன்னு எழுதுங்க" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

பொதுத்தேர்வில் கார்பனே வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ரெண்டு, நாலு என்று எழுதித் தொலைத்தார்கள். பள்ளியின் மானம் காத்து மூன்று, மூன்று என்று எழுதியவன் ஒரே ஒருவன். அவன் தாளாளரின் மகன். அவனுடைய முதலிடம் கைநழுவிப் போயிற்று.

விசாரணைக் குழு கூடியது.

"எல்லாருக்கும் சொன்னீங்களே, என் பையனுக்கு ஏன்மா சொல்லல?"

"அவனுக்குத்தான் சார் முதல்ல சொன்னேன். 'எங்கப்பா ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டாரு, நீங்க யாரு மாத்த?'ன்னு கேட்டான்."

தாளாளர் மேசையிலிருந்த பணி நிரந்தர ஆணையை எடுத்து நான்காகக் கிழித்தார். நான் குப்பைத் தொட்டியை நகர்த்திக் கொடுத்தேன். டீச்சர் பையை எடுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "வாசல்ல இருக்கிறதையாவது மாத்திடுங்க சார், சின்னப் பிள்ளைங்க பார்க்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாற்றவில்லை. இன்றும் மூன்றுக்கு மூன்றாகக் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் டீச்சரின் பாடத்தை நாங்கள் அடியோடு புறக்கணித்தோம் என்று யாரும் பழி சொல்லக்கூடாது. அணுவில் எதையாவது கழற்ற வேண்டுமென்றால் நடுவில் இருப்பதைத் தொடமுடியாது, வெளி வட்டத்தில் இருப்பதுதான் சுலபமாகக் கழலும் என்று அவர் நடத்தியிருந்தார். அதை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே செய்தோம்.