உடையாத தேங்காயும் என் ஸ்னோ புளோவரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஸ்னோ புளோவர் வாங்கியது பிழையில்லை. என் மனைவி, மைத்துனன், சம்பந்தி எல்லோரும் பிழை என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். பேப்பரும் பேனையும் என் கையில் இருக்கின்றன.

எங்கள் வீடு ஸ்காபரோவில் ரூஜ் பக்கம். சுற்றிவரப் புது வீடுகள் நெருக்கியடித்து நிற்க, நாங்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய வீட்டை வாங்கினோம். தெருவிலிருந்து கதவடிக்கு இருநூற்றைம்பது அடி ட்றைவ்வே. கோடையில் பார்த்தால் அழகு, தையில் பார்த்தால் தண்டனை. விற்றவர் தன் சின்ன ட்ராக்டரையும் விட்டுவிட்டுப் போனார். போகும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் முதல் ஸ்னோவில்தான் எனக்கு விளங்கியது.

அந்தத் தையில் மகன் சுஜனுக்குக் கலியாணம். அதற்கு முன் பொன்னுருக்கு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்க, பத்தர் நல்ல நேரத்தில் தாலிக்கான தங்கக் காசை உருக்க வேண்டும். ஐயர் குறித்த நேரம் காலை பத்து இருபதிலிருந்து பதினொன்று வரை. தவறினால் அபசகுனம். அதிலும் பெண்ணின் தகப்பன் சிவபாலன் சகுனம் பார்க்கிற மனிதர். வீட்டை முதன்முதல் பார்த்தபோதே, “உந்தக் காட்டுக்கையோ என்ர பிள்ளை வரப்போறாள்?” என்று கேட்டவர்.

எல்லோரும் பலகாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நான் இருநூற்றைம்பது அடியைப் பற்றிக் கவலைப்பட்டேன். (பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். கவலைப்படுவதில் மட்டும் பட்டதாரி.)

மைத்துனன் ரவி பிறம்ரனில் ட்றக் ஓடுகிறவன். சில்லு உள்ள எதைப் பற்றியும் தனக்குத்தான் தெரியும் என்பது அவன் எண்ணம்.

“அத்தான், ட்ராக்டருக்கு முன்னுக்கு ஒரு இரும்புப் பிளேட் பூட்டுங்கோ. தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.”

“தள்ளின ஸ்னோ எங்கை போகும்?”

“கரைக்குப் போகும்.”

“அடுத்த ஸ்னோ?”

“அதுவும் கரைக்குத்தான்.”

“அப்ப மூண்டாவது ஸ்னோவுக்குக் கரையே இராது! சம்மந்தி ஆக்கள் மதிலேறிக் குதிச்சோ வாறது?”

“நீங்கள் பெய்யாத ஸ்னோவுக்கு இப்பவே அழுறியள், அத்தான்.”

ஓம், அழுதேன். பெய்த பிறகு அழுது என்ன பயன்?

ட்ராக்டரின் முன்னால் ஏற்கெனவே மண் அள்ளுகிற ஒரு இரும்புப் பக்கற் இருந்தது. அதனால் அள்ளுவது எறும்பு சீனி காவுகிற வேலை என்று ரவியிடமே சொல்லிச் சிரித்தேன். ஆகவே நான் தெரிந்தெடுத்தது பின்னால் பூட்டுகிற ஸ்னோ புளோவர். சுழலும் இரும்புத் திருகு பனியை வாங்கி, குழாய் வழியாக முப்பது அடிக்கு அப்பால் வீசிவிடும். கரை கட்டாது. ஒரே குறை, கழுத்தைத் திருப்பியபடி ரிவர்ஸில்தான் ஓட வேண்டும். கழுத்து என்னுடையதுதானே, ரவியினுடையதில்லையே!

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. நான் படங்களை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு எச்சரிக்கைப் படத்திலும் ஒரு மனிதன் உடம்பின் ஏதோ ஒரு பகுதியை இழந்துகொண்டிருந்தான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்நாளில் ஒருவர் விரலையும் கடிக்காத காருக்கே தேங்காய் உடைக்கிறோம். இதற்கு உடைக்காமல் விடலாமா?

பொன்னுருக்குக்கு முதல் நாள் பின்னேரம் ட்ராக்டரை ட்றைவ்வேயின் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி, “பிள்ளையாரே!” என்று புளோவருக்கு முன்னால் ஓங்கி அடித்தேன்.

பொத்.

கல்லில் அடித்தால் தேங்காய் சிதறும். கீழே முழங்கால் அளவு பனி கிடந்தது. ஒரு துளை மட்டும் தெரிந்தது, தேங்காயைக் காணவில்லை.

“இஞ்சாருங்கோ,” என்றாள் என் மனைவி புவனம், “தேங்காய் உடையேல்லை!”

“உடைஞ்சிருக்கும். உள்ளுக்கை.”

“சத்தம் கேக்கேல்லையே?”

“ஸ்னோவுக்கை சத்தம் கேக்காது.”

“அப்ப தோண்டிப் பாருங்கோவன்.”

“உடைஞ்ச தேங்காயை ஆரும் தோண்டிப் பாப்பினமோ?”

(தோண்டி, அது முழுசாக வந்துவிட்டால்? அதைவிடத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தேன்.)

ட்ராக்டரைத் திரும்ப வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டேன். இரவு இன்னும் ஒரு அடி பெய்தது.

காலை ஒன்பது மணிக்கு வீட்டு வாசலிலிருந்து தொடங்கினேன். அந்த அழகை என்னவென்று சொல்ல! பனி வெள்ளைத் தோகையாக எழுந்து மரங்களுக்குள் விழுந்தது. கடந்த இடமெல்லாம் வழி கறுப்பாகத் திறந்துகொண்டு வந்தது. கழுத்து முறிந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. பத்தேகாலுக்கு இன்னும் இருபது அடிதான். சம்பந்தியின் வான் பத்தரையும் ஏற்றிக்கொண்டு வந்து தெருவோரத்தில் நின்றது. நான் வெற்றிவீரன் மாதிரிக் கையை உயர்த்தினேன்.

கடக்!

குழாயிலிருந்து பனியோடு வேறு ஏதோ பறந்தது. வானின் பொனற்றில் டங்கென்று விழுந்தது. திருகு நின்றுவிட்டது.

சிவபாலன் இறங்கினார். வேட்டி, அதற்குக் கீழே ஸ்னோ பூட்ஸ். பொனற்றில் ஒரு நெளிவு. அதன் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணை, உது என்ன?”

“தேங்காய்.”

“தேங்காய் எண்டு தெரியுது. ஏன் எறிஞ்சனியள்?”

“எறியேல்லை சம்மந்தி. உடைச்சனான்.”

“மிசினாலையோ?”

“பெரிய தேங்காய்.”

கலியாணம் அந்த நெளிவுக்குள் விழுந்து கிடப்பதாக எனக்குப் பட்டது. அப்போது வீட்டு வாசலிலிருந்து புவனம் உலகத்துக்கே கேட்கக் கத்தினாள்:

“இஞ்சாருங்கோ! உடைஞ்சிட்டுதே?”

“உடைஞ்சிட்டுது!” என்று நானும் கத்தினேன்.

வானுக்குள்ளிருந்த பத்தர்தான் முதலில் சிரித்தார். “வரவேற்கத் தேங்காய் உடைச்சிருக்கினம். இதுக்கு மேல என்ன சகுனம்? வாங்கோ, நேரம் போகுது.” சிவபாலனின் மீசையும் ஒரு பக்கமாக அசைந்தது.

இருபது அடி மிச்சம். புளோவர் அசையவில்லை. ட்ராக்டரைத் திருப்பி, நான் எள்ளி நகையாடிய அதே பக்கற்றால் அள்ளினேன்.

“எறும்பு நல்லாத்தான் சீனி காவுது!” என்றான், காலையிலேயே உதவிக்கு வந்திருந்த ரவி.

பாதை திறந்ததும், சறுக்கிவிடுமோ என்ற பயத்தில், பழத்தட்டு, வெற்றிலைத்தட்டு, பத்தரின் பெட்டி எல்லாவற்றையும் பக்கற்றுக்குள் வைத்து நான் மெல்ல மெல்ல ஓட்ட, சம்பந்தி பகுதி தேருக்குப் பின்னால் வருகிற மாதிரி நடந்து வந்தது. பத்து ஐம்பத்தைந்துக்குப் பொன் உருகியது.

பிறகுதான் அறிந்தேன். அந்த மிசினில் உடைவதற்கென்றே ஒரு ஆணி வைத்திருக்கிறார்கள். திருகில் ஏதாவது சிக்கினால் அது முறிந்து மற்றதைக் காப்பாற்றும். (கையேட்டிலும் படம் இருந்ததாம். அந்தப் பக்கத்தில் ஒருவரும் கையை இழக்காததால் நான் பார்க்கவில்லை.) புது ஆணி போட்டேன், மிசின் ஓடியது.

சிவபாலன் அந்த நெளிவைத் திருத்தவே இல்லை. வானில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் காட்டிக் கதை சொல்கிறார். சொல்லச் சொல்லத் தேங்காய் பெருத்துக்கொண்டே போகிறது. வருடா வருடம் முதல் ஸ்னோ விழுந்ததும் போன் வரும்: “அண்ணை, ட்றைவ்வே துப்புரவாக்கிப் போட்டியளோ? வரலாமோ, ஹெல்மெற் போட வேணுமோ?” எனக்குப் பின்னால் மருமகள் சிரிக்கிற சத்தமும் கேட்கும்.

சிரிக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். ரவியின் பேச்சைக் கேட்டு நான் பிளேட் பூட்டியிருந்தால், அந்தத் தேங்காய் பனியோடு பனியாகக் கரைக்குப் போயிருக்கும். இன்றைக்கும் உடைந்திராது.